மைதீன் பிச்சை வீட்டுச் சகன்

மைதீன் பிச்சையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் எங்கள் தெருவில் ஒரே பதில்தான் வரும்: "நல்லா சோறு போட்ட மனுஷன்." கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போய்விட்டது. சோறு போட்டான், வாஸ்தவம். யாருக்கு எங்கே போட்டான் என்பது எங்கள் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் சாகுல் ஹமீது. திண்டுக்கல்லில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன். இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல பங்கு இல்லை.

மைதீன் பிச்சை தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடி கழற்றுகிற இடம் அது. பன்னிரண்டு வயதில் தொட்டியில் இறங்கியவன், முப்பது வயதில் கரையில் நின்று மற்றவர்களை ஏவுகிற அளவுக்கு வந்தான். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து வெளுத்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தர் பூசிக்கொண்டு வருவான். அத்தரும் தோல் வாடையும் கலந்து இன்னும் மோசமாக இருக்கும். நாங்கள் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, பயம் வந்துதான் பார்த்திருக்கிறேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனுடைய தம்பி பதினேழு வயதில் ரத்தம் ரத்தமாகக் கக்கிச் செத்தான். நெஞ்சு நோய். கடைசி வாரம் வரைக்கும் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தம்பி போனபிறகு ஒரு வருஷம், தினமும் காலையில் உள்ளங்கையில் துப்பி, சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தானாம். இதை அவனே சொல்லியிருக்கிறான்.

அவன் மனைவி சர்புன்னிசா. பிள்ளை இல்லை. "ரெண்டு பேருக்கு உலை வைக்க அடுப்பு பத்த வைக்கவே அலுப்பா இருக்குங்க" என்று அவள் ஒரு நாள் சொல்லப்போக, அதைப் பிடித்துக்கொண்டு மாதம் ஒரு நாள் நண்பர்களுக்குச் சகன் போடுவது என்று அவன் ஆரம்பித்தான். ஐம்பத்தைந்தாம் வருஷம். முதலில் பிறை கண்ட முதல் வெள்ளி என்றுதான் வைத்தோம். எங்களோடு சாப்பிட வந்த நல்லுசாமி தலையைச் சொறிந்தான். "வெள்ளிக்கிழமை எங்க வீட்ல கவுச்சி ஆகாது பாய்" என்றான். அவனுக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் ராத்திரி இஷா தொழுகைக்குள் எழுந்துவிடுவோம்.

சகன் என்பது சோறு வைக்கிற பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். வட்டத் தட்டுக்குப் பக்கம் ஏது என்று கேட்காதீர்கள், உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் வந்துவிடும். அவரவர் பக்கத்தில்தான் கை போகலாம். கறி நடுவில் இருக்கும். ஒருவன் பாதியில் எழுந்தால் அவன் பக்கத்துச் சோற்றை மற்றவர்கள் தின்று முடிக்க வேண்டும். மிச்சம் வைத்தால் போட்டவனுக்குக் கேவலம்.

எங்கள் சகனில் நாலு பேர். மைதீன் பிச்சை, நான், பூட்டு வியாபாரம் செய்த ரஹ்மத்துல்லா, தோல் மண்டியில் தராசு பிடித்த பீர் முகமது. ரஹ்மத்துல்லா பேச்சில் கருமி, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பீர் முகமது அதற்கு நேர் எதிர். பொண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நர்கீஸ் என்ற ஒரே மகளோடு இருந்தான். ஆனாலும் அவன் வாயைத் திறந்தால் நமக்கு வயிறு வலிக்கும். பேசிக்கொண்டே கறித்துண்டை அடுத்தவன் பக்கம் தள்ளிவிடுவான். கேட்டால், "எம் பல்லுக்கு இது வேலை வைக்கும் மாப்ள" என்பான். அவன் பல் எங்கள் எல்லார் பல்லையும்விட நன்றாக இருந்தது.

ஐந்தாவது ஆள் நல்லுசாமி. வடமதுரைப் பக்கம் கத்தரியும் தக்காளியும் போட்ட சம்சாரி. சந்தைக்கு வரும்போது என் கடையில் சைக்கிள் எடுப்பான், அப்படிப் பழக்கம். கறி தின்பான், எங்கள் வீட்டுத் தண்ணீர் குடிப்பான், ஒரே தட்டில் கைவைக்க மட்டும் அவனுக்குக் கூச்சம். அதனால் இரண்டு முழம் தள்ளி அவனுக்கு வாழை இலை. யாரும் தப்பாக நினைக்கவில்லை. இலை அவன் கேட்டு வாங்கியது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, சைக்கிள் டியூப் வாங்கிக்கொண்டு வரும் வழியில், தர்ம ஆஸ்பத்திரி ஒன்றின் பின்வாசலில் பீர் முகமதுவைப் பார்த்தேன். நெஞ்சு நோய்க்கு மாத்திரை கொடுக்கிற வாசல் அது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வாயில் துணியை வைத்திருந்தார்கள். அவன் வைக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புத்தி எங்கே இருந்தது? நேரே போய், "என்னடா இங்க நிக்கிற?" என்று கேட்டேன்.

அவன் முகம் செத்துப்போனது. அக்கம்பக்கம் பார்த்தான். "எனக்குத்தான் மாப்ள. நெஞ்சுல லேசாப் படிஞ்சிருக்காம். வெளிய சொல்லிராத. வீட்ல பொம்பளப் புள்ள இருக்கு" என்றான்.

அவனுக்கு நோய் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துக் கதை பண்ண எனக்குத் தெரியாது. நோய் அவன் மகள் நர்கீஸுக்கு. பதினேழு வயசு. மதுரைக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தவன், இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த லூர்தம்மாளிடம் அழுதிருக்கிறான். "சீட்டுல எம் பேரப் போடுங்கம்மா. புள்ள பேரு அதுல ஏறுச்சுன்னா அவளுக்கு நிக்காஹ் நடக்காது." அந்தம்மா மனசு இளகி அப்படியே எழுதிக்கொடுத்தாள். வாரம் ஒரு தடவை இவன் வரிசையில் நின்று வாங்கிவந்த மாத்திரையை விழுங்கியது நர்கீஸ். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நர்கீஸிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமு. எனக்குப் பேரன் பொறந்தாச்சு, இனி யாரு என்னையத் தள்ளி வைக்கப்போறா?" என்றாள்.

வெளியே சொல்லாதே என்று அவன் கேட்டான் அல்லவா? நான் வெளியே சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மைதீன் பிச்சையிடம் சொன்னேன். மைதீன் பிச்சை என்ன வெளி ஆளா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்டதும் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லை எப்படி எடுப்பது?

அடுத்த சகன் ஞாயிற்றுக்கிழமை போனால், இரண்டு இலை போட்டிருந்தது.

பீர் முகமது வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்தான். சகன் பக்கம் நகர்ந்தவனை மைதீன் பிச்சை, முகத்தைப் பார்க்காமல், "பீரு, நல்லுசாமி பாவம், தனியா உக்காந்து திங்கிறாரு. நீ அவருக்குத் தொணையா அங்கிட்டு உக்காரு" என்றான்.

நல்லுசாமிக்கு விஷயம் தெரியாது. "நாலு வருசமாத் தனியாத்தான் திங்கிறேன். இன்னைக்கு என்ன பாய் புதுசாப் பாவம்?" என்று கேட்டான்.

பீர் முகமது என்னைப் பார்த்தான். ஒரு தடவைதான். பிறகு, "அதுவும் சரிதான், சம்சாரிக்குத் தொணை வேணும்ல" என்று சொல்லி இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். நாங்கள் மூன்று பேர் சகனைச் சுற்றி உட்கார்ந்தோம். சர்புன்னிசா எப்போதும்போல நாலு பேருக்குச் சோறு வைத்திருந்தாள். அவன் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. மிச்சம் வைக்கக்கூடாதே, மூன்று பேரும் அதையும் பங்கு போட்டுத் தின்றோம். அவன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் எங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி வந்திருக்கும். அவன் போகவில்லை. மாதாமாதம் வந்தான். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தெருவில் கேள்வி வரும், கேள்வி வந்தால் ஆஸ்பத்திரி வரும், ஆஸ்பத்திரி வந்தால் மகள் பெயர் வரும். அந்த இலையில் உட்கார்ந்து அவன் காவல் காத்தான். நாங்களும் யோக்கியர்கள்தான், எங்கள் நாலு சுவரைத் தாண்டி ஒரு சொல் விடவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றினோம், ஆளைத் தள்ளிவைத்தோம்.

சில மாதம் கழித்து நல்லுசாமியே என் கடைக்கு வந்து கேட்டான். சொன்னேன். சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு, "அப்ப என்னையத் தொணைக்கு வைக்கல, வேலியா வச்சிருக்கீக" என்றான். அடுத்த சகன் அன்றைக்குத் தன் இலையை இழுத்து பீர் முகமதின் இலைக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டான். மைதீன் பிச்சை பதறினான். "செத்த தள்ளி உக்காருங்க நல்லுசாமி." "தொணைக்கின்னுதான சொன்னீக? தொணைன்னா பக்கத்துல இருக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டு, பீர் முகமதின் இலையிலிருந்தே கத்தரிக்காயை எடுத்துத் தின்றான். ஒரே தட்டில் கைவைக்கக் கூசியவன் அவன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மைதீன் பிச்சைக்குக் கல்நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். பீர் முகமதுக்குத் தோல் ஷாப் முதலாளியிடம் வேறு ஏதோ காரணம் சொல்லித் தினம் ஒரு படி பால் ஏற்பாடு செய்தது அவன்தான். முட்டை வாங்கிக் கொடுப்பான், ஆட்டுக்கால் கொடுப்பான். எல்லாம் வாசலில் வைத்துக் கொடுப்பான். வாங்கிப்போனதை பீர் முகமது மகளுக்கு ஊட்டினான். அவள் முகத்தில் ரத்தம் ஊறியது.

அறுபதாம் வருஷக் கடைசியில் பீர் முகமது இரும ஆரம்பித்தான். நோயாளி இருமத்தானே செய்வான் என்று நாங்கள் இருந்தோம். லூர்தம்மாளுக்கு மட்டும் பகீரென்றது. அவனுக்கு நோய் இல்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. "உங்க நெஞ்சையும் ஒரு படம் எடுத்துருவோம் பாய்" என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் மசியவில்லை. ஏற்கெனவே அவன் பெயரில் ஒரு சீட்டு ஓடுகிறது. டாக்டர் அவனை உட்காரவைத்துப் பார்த்தால் பழைய படத்தைக் கேட்பார், அது ஒரு பெண்பிள்ளையின் படம். "ஒரு பேருக்கு ரெண்டு நெஞ்சு எப்படிம்மா இருக்கும்? உங்க வேலையும் போகும், எம் புள்ள பேரும் வெளிய வரும். நிக்காஹ் முடியட்டும்" என்றானாம். மாத்திரை ஒருத்தருக்குத்தான் வந்தது. அதில் ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

ஒன்றரை வருஷத்தில் நர்கீஸ் குணமானாள். மதுரையில் மறுபடி படம் எடுத்துப் பார்த்து, சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். அறுபத்தொன்றில் பழனிப் பக்கம் கீரனூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹ் விருந்தில் பீர் முகமது ஓடி ஓடிப் பரிமாறினான், எந்தச் சகனிலும் உட்காரவில்லை. பெண்ணின் அப்பன் வேலையாக இருக்கிறான் என்று ஊர் நினைத்தது. நோயாளி, பொறுப்பாக ஒதுங்கியிருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். மைதீன் பிச்சை என்னிடம், "பீரு நல்லவன்டா" என்றான். அந்தச் சொல்லுக்கு அவனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை, தலையாட்டிய என்னையும்தான்.

நிக்காஹ் முடிந்த மாதம் பீர் முகமது லூர்தம்மாளிடம் போனான். படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அரித்துப்போயிருந்தது. மாத்திரை, ஊசி எல்லாம் அவனுக்கென்றே கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. இது எங்கள் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவன் பழைய நோயாளி, அவ்வளவுதான்.

அறுபத்திரண்டில், ஆடிக்காற்று அடித்த சமயம், நர்கீஸ் ஆறு மாத வயிற்றோடு அத்தா வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றைக்கு எங்கள் சகன் ஞாயிற்றுக்கிழமை. நோய்க்காலம் முழுக்க, வயசுப்பெண் என்று சொல்லி அவளைப் பீர் முகமது இங்கே கூட்டிவந்ததில்லை. அதனால் இலை விஷயம் அவளுக்குத் தெரியாது. சர்புன்னிசாவைப் பார்க்க ஆசைப்பட்டு அன்றைக்கு அவளாகவே பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். உள்ளே பேசிக்கொண்டிருந்தவள், தாளிச்சாச் சட்டியைக் கொடுக்கக் கதவுப்பக்கம் வந்தாள். நாங்கள் மூன்று பேர் சகனில், அவள் அத்தா நல்லுசாமியோடு இலையில்.

"அத்தா ஏன் அங்கிட்டு உக்காந்திருக்காக?" என்று கேட்டாள்.

"அவருக்கு உடம்பு சரியில்லைல்லம்மா, அந்த நெஞ்சு..." என்று சர்புன்னிசா மெதுவாகச் சொல்ல, நர்கீஸ் சட்டியைத் தரையில் வைத்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"அத்தாவுக்கா? நோவு எனக்கு மாமு. அந்த மாத்திரைய ஒன்றரை வருசம் முழுங்குனது நானு. அவுக பேருல சீட்டு, அம்புட்டுத்தான். இதுக்காக இம்புட்டு நாளும் எங்க அத்தாவ எலையில உக்கார வச்சிருக்கீகளா?"

"நர்கீசு, உள்ள போ!" என்று பீர் முகமது கத்தினான். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. அவள் போகவில்லை. கீரனூருக்கு இந்தப் பேச்சு எட்டினால் அவள் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றாள். ரஹ்மத்துல்லா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தான். சாகிறவரை அதைப்பற்றி ஒரு சொல் சொல்லாதவன் அவன்.

மைதீன் பிச்சை சோற்றுக்கையோடு எழுந்தான். அழுதுகொண்டே போய் பீர் முகமதின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "வா மச்சான். வந்து ஒம் பக்கத்துல உக்காரு. நான் மனுசனே இல்ல. நீ வந்து உக்காந்தாத்தான் நான் இந்த வீட்ல இனிமே சோறு திம்பேன்." நானும் எழுந்து அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் ஒரு நிமிஷம் வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பீர் முகமது எழுந்திருக்கவில்லை. மைதீன் பிச்சையின் காதைத் தன் வாய்ப்பக்கம் இழுத்து, மகளுக்குக் கேட்காமல் சொன்னான்: "அப்ப இல்ல மச்சான். இப்ப இருக்கு. புள்ளகிட்ட இருந்து வந்தது. அவளுக்குத் தெரியக்கூடாது."

மைதீன் பிச்சை கையை விட்டான்.

வேண்டுமென்று விட்டான் என்று சொல்லமாட்டேன். சுடுசட்டியைத் தொட்டவன் கை எப்படி வருமோ அப்படி வந்தது. பீர் முகமது அதைப் பார்த்தான். நிலைப்படியில் நின்ற நர்கீஸும் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியாது. உண்மையைச் சொன்ன பிறகும் இந்த மனுஷன் என் அத்தாவைத் தொடக் கூசுகிறான் என்றுதான் அவள் கண்ணுக்குப் பட்டது. பீர் முகமது எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "எலை போட்டாச்சு, சோறு ஆறுது. தின்னுட்டுப் பேசுவோம்" என்று சொல்லிச் சிரித்தான். நாலு வாய் தின்றான். நல்லுசாமி தன் இலையை மூடிவைத்துவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். சகனில் யாரும் கைவைக்கவில்லை. முதல் தடவையாக அந்த வீட்டில் சோறு மிஞ்சியது.

நர்கீஸ் அன்றைக்கே அத்தாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டுப் படியை அவள் பிறகு மிதிக்கவில்லை. போய்க் காரணம் சொல்லலாம் என்றால், உன் நோய்தான் உன் அத்தாவைத் தின்கிறது என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் எப்படிச் சொல்வது? மைதீன் பிச்சை சொல்லவில்லை. அவள் ஏசியதை எல்லாம் வாங்கிக்கொண்டான். மூன்றாம் மாதம் பீர் முகமது மவுத்தானான். அடக்கத்துக்கு மய்யித்தைத் தூக்கப் போனபோது மைதீன் பிச்சை தோள் கொடுக்கக்கூட அவள் சம்மதிக்கவில்லை என்று உள்ளேயிருந்து வந்து சொன்னார்கள். அவன் பின்னால் நடந்து வந்தான். லூர்தம்மாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்வதற்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அதற்கு முந்தின வருஷமே மைதீன் பிச்சை போய்ச்சேர்ந்திருந்தான்.

அந்த ஞாயிற்றோடு சகன் நின்றது. சர்புன்னிசா மறுபடி இரண்டு பேருக்கு உலை வைத்தாள். மைதீன் பிச்சை தொட்டிக்கரை வேலைக்குப் போனான், வந்தான், கூப்பிட்ட விருந்துக்கெல்லாம் போய் ஓரமாகத் தனித்தட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் கையால் சோறு போட்டதை ஊர் பேசிக்கொண்டே இருந்தது.

பிறை கண்ட முதல் ஞாயிறு சாயங்காலம் மட்டும் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவான். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டான். "ஹமீது, நீ பக்கத்துலதான நின்ன. அன்னைக்கி நான் கைய விட்டேனா, அவனா உருவிக்கிட்டானா?" என்று கேட்பான்.

"அவனா உருவிக்கிட்டான் மச்சான்" என்பேன்.

தலையாட்டிவிட்டு எழுந்து போவான். அவன் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷம், மாதாமாதம் வந்து அதையே கேட்டான். நானும் அதையே சொன்னேன்.